கடல் கடந்த இல்லறம்

மன்னார்குடியிலிருந்து திருவாரூர் செல்லும் சாலையில், இருமருங்கும் நெல்வயல்கள் விரிந்து கிடக்க, நடுவே அமைந்துள்ளது கூத்தாநல்லூர். சுற்றியுள்ள சிற்றூர்களுக்கும் அவ்வூருக்கும் உள்ள வேறுபாட்டை அவ்வழியே செல்லும் எவரும் எளிதில் கண்டுகொள்வர். வரிசையாக எழுந்து நிற்கும் மாடி வீடுகளும், அயல்நாட்டுப் பொருள்கள் நிறைந்த கடைகளும் அவ்வூருக்குச் 'சின்ன சிங்கப்பூர்' என்னும் பெயரைத் தேடித் தந்துள்ளன. காவிரி நீரும் சம்பா விளைச்சலும் மட்டும் அவ்வீடுகளை எழுப்பவில்லை. மலாயா, சிங்கப்பூர், பர்மா முதலிய நாடுகளுக்குக் கடல் கடந்து சென்று, கடை நடத்தியும் கணக்கெழுதியும் பொருளீட்டிய பல தலைமுறையினரின் வியர்வையே அங்குச் சுவராகவும் கூரையாகவும் நிற்கின்றது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் நம் முஸ்லிம் சகோதரர்கள்.

கத்தோலிக்கக் குடும்பங்களுக்கான இவ்விதழில் அவ்வூரைப் பற்றி எழுதுவானேன் என்று வாசகர்கள் வினவக்கூடும். காரணம் உண்டு. இன்று நம் பங்குகளிலும் திருமணம் முடிந்த சில வாரங்களிலேயே மணமக்கள் விமானம் ஏறுகின்றனர். பெண்ணைப் பெற்றோர் நிலையத்தின் வாயிலில் நின்று கையசைத்துவிட்டுக் கண்களைத் துடைத்துக்கொண்டு திரும்புகின்றனர். அதன்பின் அவ்விருவரும் அந்நிய நகரத்தில் எவ்வாறு குடும்பம் நடத்துகின்றனர் என்பது பற்றி நம்மில் பலர்க்குத் தெளிவான எண்ணம் இல்லை. 'நல்ல சம்பளம், நல்ல நாடு' என்பதோடு நம் விசாரணை முடிந்துவிடுகின்றது. ஆனால் கடல் கடந்த வாழ்வின் இலாப நட்டங்களை நூறாண்டுகளுக்கு மேலாக அனுபவித்து அறிந்த ஓர் ஊர் நம் அருகிலேயே இருக்கின்றது. அதனிடம் பாடம் கேட்பதில் தவறென்ன?

தனியே சென்ற தலைமுறைகள்

கடல்வழிச் செல்லும் பயணத்தில் பெண்ணை உடன் அழைத்துச் செல்லும் வழக்கம் இல்லை என்பது தொல்காப்பியத்தில் காணப்படும் ஒரு விதி. எழுதப்பட்டுப் பல நூற்றாண்டுகள் ஆனபின்னும் அவ்விதி நம் கீழத் தஞ்சையில் ஏறக்குறைய அப்படியே கடைப்பிடிக்கப்பட்டது. கணவன் கப்பலேறினான், மனைவி ஊரில் இருந்தாள்.

நாகப்பட்டினத்தில் பெருங்கப்பல் கரையை அணுகுவதில்லை. அது கடலில் தள்ளி நங்கூரமிட்டு நிற்க, பயணிகளைப் படகுகளில் ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்ப்பார்கள். 1926-ஆம் ஆண்டில் கட்டப்பட்ட 'ரஜுலா' என்னும் கப்பலை நம் பெரியவர்கள் பலர் இன்றும் நினைவுகூர்கின்றனர். சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று ஏறத்தாழ ஒரு வாரப் பயணம். மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்துச் சென்றோர் ஆயிரக்கணக்கினர். 1973-இல் அதன் ஓட்டம் முடிந்தது. 'எம்.வி. சிதம்பரம்' என்னும் கப்பலும் அத்தடத்தில் ஓடியது. 1985 பிப்ரவரியில் அதில் நேர்ந்த கொடிய தீ விபத்துக்குப் பின் அதுவும் நின்றது.

இவ்வாறு சென்ற ஆடவர் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊர் திரும்புவர். சில திங்கள் தங்குவர், மீண்டும் புறப்படுவர். வீட்டை நடத்தும் பொறுப்பு முழுவதும் மனைவியின் தோளில் விழுந்தது. குத்தகை நெல்லை அளந்து வாங்கியவளும், பிள்ளையைப் பள்ளியில் சேர்த்தவளும், மாமனார் மாமியாரின் நோய்க்கு மருந்து வாங்கியவளும் அவளே. தந்தையின் முகத்தைவிடத் தந்தையின் கையெழுத்தை நன்கு அறிந்த பிள்ளைகள் அங்கு வளர்ந்தனர்.

அக்கடிதமும் நின்றுபோன காலம் ஒன்று உண்டு. 1942 பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. 1945 செப்டம்பர் வரை, அஃதாவது மூன்றரை ஆண்டுகள், மலாயாவுக்கும் நம் கரைக்கும் இடையே கப்பலும் தபாலும் பணமும் தடைப்பட்டன. கணவன் உயிரோடு இருக்கின்றானா என்பதையே அறியாமல் டெல்டாவின் எத்தனையோ வீடுகளில் பெண்கள் காத்திருந்தனர். இன்று நாம் வியந்து பார்க்கும் மாடி வீடுகளுக்கு அடித்தளத்தில் இக்காத்திருப்பும் புதைந்து கிடக்கின்றது.

அங்கே சென்ற ஆடவர் என்ன செய்தனர்? தனிமையைத் தாங்க முதலில் அவர்கள் தேடியது ஒன்றுகூடும் இடத்தையே. சிங்கப்பூரின் சூலியா பள்ளிவாசல் 1826-இல் தோன்றியது. 1828-க்கும் 1830-க்கும் இடையே, தெலுக் ஆயர் தெருவில் நாகூர் தர்காவின் நினைவாக ஒரு தர்காவையே அவர்கள் எழுப்பினர். நம் தமிழ்க் கத்தோலிக்கரும் பின்தங்கவில்லை. ஓஃபிர் சாலையில் உள்ள லூர்து மாதா ஆலயம் தமிழ்க் கத்தோலிக்க மக்களுக்கென்றே 1888-இல் கட்டி முடிக்கப்பட்டது. இன்றும் அங்குத் தமிழில் திருப்பலி நிறைவேற்றப்படுகின்றது. ஊரை விட்டுப் போனவர்கள் ஊரின் ஒரு துண்டையாவது அங்கே ஊன்றிக்கொண்டனர். இது நாம் கற்க வேண்டிய முதற்பாடம்.

இருவர் சேர்ந்து செல்லும் காலம்

இன்று நிலை மாறியுள்ளது. திருச்சியில் விமானம் ஏறினால் நான்கு மணி நேரத்திற்குச் சற்று மேல் சிங்கப்பூர். படித்த இளைஞர் மனைவியோடு செல்லவே விரும்புகின்றனர். இதனை நாம் மனமார வரவேற்கின்றோம். திருமணம் என்னும் திருவருட்சாதனத்தால் ஒன்றாக இணைக்கப்பட்டவர்கள் ஒன்றாக வாழ்வதே முறை.

ஆயினும் எல்லாருக்கும் அவ்வாய்ப்புக் கிட்டுவதில்லை என்பதையும் மறத்தலாகாது. கட்டட வேலை, கப்பல் கட்டும் தளம் போன்றவற்றிற்குச் செல்லும் தொழிலாளர் குடும்பத்தை அழைத்துச் செல்ல அந்நாட்டுச் சட்டம் இடந்தரவில்லை. உயர்நிலை வேலை அனுமதி பெற்றோரும், மாதச் சம்பளம் குறைந்தது 6,000 சிங்கப்பூர் வெள்ளி இருந்தால்தான் மனைவிக்குச் சார்ந்தோர் அனுமதி பெறலாம். பெற்றோரை நீண்ட நாள் உடன் வைத்துக்கொள்ள 12,000 வெள்ளி சம்பளம் வேண்டும். ஆகவே நம் ஏழைக் குடும்பங்களில் பழைய பிரிவு இன்றும் தொடர்கின்றது. அவர்களின் மனைவியரை நம் பங்கு அன்பியங்கள் மறவாதிருக்கக் கடவன.

புறப்படுமுன் தாள்களைச் சரிபார்ப்பதும் கடமையாகும். அரசுப் பதிவு பெற்ற திருமணச் சான்றிதழ் கட்டாயம் தேவைப்படும். பெயரின் எழுத்துக்கள் கடவுச்சீட்டிலும் சான்றிதழிலும் ஒன்றாக இருத்தல் வேண்டும். அதனோடு இருவரின் ஞானஸ்நானச் சான்றும், கோயில் திருமணச் சான்றும் பெட்டியில் இருக்கட்டும். அங்கே குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் வேளையில் இங்கே தந்தைக்கு அவசரக் கடிதம் எழுதும் தொல்லை அதனால் நீங்கும்.

முதல் மாதங்கள்

கீழத் தஞ்சையிலிருந்து ஓர் இளந்தம்பதியர் அங்குச் சென்று இறங்குகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் முதலில் தேடுவது வீடு. சிங்கப்பூர் மக்களில் பத்துக்கு ஏறத்தாழ எட்டுப் பேர் அரசு கட்டிய அடுக்குமாடி வீடுகளில் வாழ்கின்றனர். 1960-இல் நிறுவப்பட்ட வீட்டு வசதி வாரியம் அவற்றைக் கட்டி வருகின்றது. அயல்நாட்டார் அவ்வீடுகளை விலைக்கு வாங்க முடியாது, வாடகைக்கு எடுக்கலாம். அதுவும் குறைந்தது ஆறு மாத ஒப்பந்தத்தில்தான். வாடகை சம்பளத்தில் பெரும்பங்கை விழுங்கும் என்பதை முன்னரே அறிந்திருத்தல் நலம்.

அடுத்து, பொழுது. நமக்கும் அவர்களுக்கும் இரண்டரை மணி நேர வேறுபாடு. நிலநடுக்கோட்டை ஒட்டிய நாடாதலால் ஆண்டு முழுவதும் காலை ஏழு மணியளவில் விடிந்து, மாலை ஏழு மணியளவில் இருட்டுகின்றது. கோடை, மழை, பனி என்று நாம் அறிந்த பருவங்கள் இல்லை. தை பிறந்ததை வயலும் சொல்லாது, வானமும் சொல்லாது. நாட்காட்டியைப் பார்த்துத்தான் அறிய வேண்டும். சிறு செய்தி போலத் தோன்றினும், அறுவடையும் நடவும் கொண்டு காலத்தை அளந்த மனத்திற்கு இது பெரிய வெறுமையாகும்.

பின்னர், அண்டை வீட்டார். ஒரே இனத்தார் ஒரே கட்டடத்தில் கூடிவிடாதபடி ஒவ்வோர் இனத்திற்கும் ஓர் அளவு வகுத்து 1989-இல் அந்நாட்டரசு ஒரு விதி செய்தது. எனவே நம் தம்பதியரின் வலப்பக்கம் சீனக் குடும்பமும் இடப்பக்கம் மலாய்க் குடும்பமும் இருத்தல் இயல்பு. நம்முடைய தாளிப்பு மணம் அவர்களுக்குப் புதிது. அவர்களுடைய சமையல் மணம் நமக்குப் புதிது. ஓர் இந்தியக் குடும்பத்தின் குழம்பு வாடை தாங்கவில்லை என்று சீனாவிலிருந்து வந்து குடியேறிய குடும்பமொன்று முறையிட்டதும், அண்டை வீட்டார் இல்லாத நேரத்தில் மட்டும் குழம்பு வைப்பதென்று சமரச மையத்தில் உடன்பாடு ஏற்பட்டதும் 2011-இல் செய்தியாக வெளிவந்தன. அதைப் படித்த சிங்கப்பூர் மக்கள் என்ன செய்தனர் தெரியுமா? அவ்வாண்டு ஆகஸ்டு 21, ஞாயிற்றுக்கிழமையன்று எல்லாரும் குழம்பு சமைத்துப் பகிர்ந்துண்போம் என்று அழைப்பு விடுத்தனர். பல்லாயிரம் பேர், இன வேறுபாடின்றி, அதற்கு இசைந்தனர். சண்டையாக முற்றியிருக்கக்கூடிய ஒன்று விருந்தாக முடிந்தது! புதிதாகக் குடியேறுவோர் கதவைச் சாத்திக்கொண்டு அஞ்சுவதைவிட, கிண்ணம் ஒன்றில் கொஞ்சம் குழம்போடு அடுத்த கதவைத் தட்டுவது மேல்.

பன்னிரண்டாம் மாடியில் ஒருத்தி

இனி, நம் நெஞ்சை உறுத்தும் செய்திக்கு வருவோம். கணவன் காலையில் வேலைக்குப் போய்விடுகின்றான். மனைவி? அவளும் பட்டம் பெற்றவள். ஊரில் வேலை பார்த்தவளாகவும் இருக்கலாம். முன்னர், சார்ந்தோர் அனுமதியில் சென்ற மனைவி, வேலை தருவோரின் விண்ணப்பத்தின் பேரில் எளிதாக இசைவுக் கடிதம் பெற்று வேலைக்குச் செல்லலாம். 2021 மே மாதம் முதல் அம்முறை மாறிவிட்டது. பொதுவாக அவளும் தனக்கென்று தனி வேலை அனுமதி பெற வேண்டும். எல்லாருக்கும் அது கிடைப்பதில்லை.

ஆகவே பன்னிரண்டாம் மாடியில், காலை எட்டு மணி முதல் இரவு எட்டு மணி வரை, நான்கு சுவர்களுக்கிடையே ஒருத்தி இருக்கின்றாள். ஊரில் ஆயிரம் குறை இருந்தாலும் வாசலில் கீரைக்காரி வருவாள். அத்தை ஏதேனும் கேட்பார். நாத்தனார் வந்து அமர்வாள். மாலையில் கோயில் மணி ஒலிக்கும். அங்கே அவள் பெயரைச் சொல்லி அழைக்கக் கணவனைத் தவிர ஒருவரும் இல்லை. அவன் களைத்து வந்து, கைப்பேசியைப் பார்த்தபடியே உண்டுவிட்டுப் படுத்தால், அந்த நாளில் அவள் யாரோடுதான் பேசியிருப்பாள்?

அக்காலத்து மனைவி கணவனைப் பிரிந்திருந்தாள். ஆனால் ஊர் அவளோடு இருந்தது. இக்காலத்து மனைவியின் அருகில் கணவன் இருக்கின்றான், ஊரோ இல்லை. எனவே கணவன் இப்போது கணவனாக மட்டும் இருந்தால் போதாது. தாயாகவும் தோழியாகவும் அண்ணனாகவும் அவனே ஆகவேண்டும். மனைவியும் அவனுக்கு அவ்வாறே. வேலையிடத்தில் புதிய மொழியோடும் புதிய மேலதிகாரியோடும் போராடிவிட்டு, 'தோற்றுவிடுவேனோ' என்ற அச்சத்தை எவரிடமும் சொல்லாமல் வீடு திரும்புபவனும் தனியனே. இருவரும் தத்தம் தனிமையை மற்றவர்க்கு மறைப்பதுதான் அயல்நாட்டு இல்லறத்தில் நாம் காணும் முதல் விரிசல்.

அதற்கு மருந்து அரியதன்று. நாளுக்கு அரைமணி நேரம் கைப்பேசியை ஒதுக்கி வைத்துவிட்டு இருவரும் பேசட்டும். வாரத்தில் ஒருநாள் சேர்ந்து வெளியே செல்லட்டும். தமிழர் 'தேக்கா' என்று அழைக்கும் சந்தைப் பகுதிக்குச் சென்றால் வாழையிலை, முருங்கைக்காய், மல்லிகைச் சரம் அனைத்தும் கிடைக்கும். நம் மொழி காதில் விழும். ஞாயிறன்று தமிழ்த் திருப்பலிக்குச் சென்று, முடிந்தவுடன் ஓடிவிடாமல் நின்று நான்கு குடும்பங்களை அறிமுகம் செய்துகொள்ளட்டும். காய்ச்சலில் கஞ்சி வைத்துத் தருபவர் அங்கிருந்துதான் வருவர்.

பணமும் மௌனமும்

அடுத்த விரிசல் பணத்தில் தோன்றும். 6,000 வெள்ளி என்பதை நம் ரூபாயில் பெருக்கிப் பார்க்கும் உறவினர்க்கு அது மலைபோல் தெரியும். வாடகை, உணவு, பயணம் போக எஞ்சுவது எவ்வளவு என்பதை அவர்கள் கணக்கிடுவதில்லை. அந்நாட்டின் சேமநிதி, குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே உரியது. வேலை அனுமதியில் உள்ள அயல்நாட்டார்க்கு அந்நிதி இல்லை. மருத்துவமனையில் அரசு தரும் கட்டணச் சலுகையும் அவர்களுக்கு இல்லை. மகப்பேறு ஒன்றுக்கே பெருந்தொகை சேர்த்து வைக்கவேண்டும். அங்குப் பிறக்கும் குழந்தையின் பிறப்பை 42 நாட்களுக்குள் பதிவு செய்வதோடு, ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்திலும் பதிவு செய்தல் வேண்டும். அங்கே பிறந்த காரணத்தால் மட்டும் அக்குழந்தை அந்நாட்டுக் குடியாகிவிடுவதில்லை.

இத்தகைய நிலையில், தங்கையின் திருமணம், தம்பியின் கல்வி, பழைய கடன், புதிய வீடு என்று ஊரிலிருந்து கோரிக்கைகள் வரும். மகன் மறுக்கத் துணியான். மனைவிக்குத் தெரியாமல் அனுப்புவான். அவளும் தன் பெற்றோர்க்கு அவனறியாமல் அனுப்ப வழி தேடுவாள். பெற்றோர்க்கு உதவுவது பிள்ளைகளின் கடமை. அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் எவ்வளவு, எப்போது என்பதை இருவரும் ஒரே தாளில் எழுதி, ஒன்றாக முடிவு செய்யட்டும். ஒளித்து அனுப்பிய பணத்தைவிட அவ்வொளிப்பே வீட்டிற்குக் கேடு.

எங்கே வாழ்கின்றோம்?

திருவாரூரில் 1903-இல் பிறந்து, 1924-இல் சிங்கப்பூர் சென்றவர் கோ. சாரங்கபாணி. 1935-இல் 'தமிழ் முரசு' இதழைத் தொடங்கியவர் அவரே. சீர்திருத்த இயக்கத்தைச் சேர்ந்த அவருடைய கொள்கைகள் சில நமக்கு உடன்பாடானவை அல்ல. எனினும் அவர் வாழ்வில் ஒரு செய்தி நம் தம்பதியர்க்குப் பயன்படும். அவர் சீனப் பெண்மணி ஒருவரை மணந்து அந்நகரிலேயே இல்லறம் நடத்தினார். 1950-களில், சிங்கப்பூரில் வாழும் தமிழர்கள் அந்நாட்டுக் குடியுரிமையைப் பெறவேண்டுமென்று ஊக்கத்துடன் உழைத்தார். அதே காலத்தில் தமிழர் திருநாள் கொண்டாடவும், பல்கலைக்கழகத்தில் தமிழ் நூல்கள் சேரவும் பாடுபட்டார். வாழும் மண்ணில் வேர்விட்டவர், தாய்மொழியை விட்டுவிடவில்லை.

நம் பிள்ளைகள் குடியுரிமை பெறவேண்டும் என்றோ வேண்டாம் என்றோ நாம் சொல்ல வரவில்லை. உடல் அங்கே, உள்ளம் இங்கே என்று ஆண்டுக்கணக்கில் விடுதிக்காரர் போல் வாழ்ந்தால் அங்கும் வேரில்லை, இங்கும் வேரில்லை என்றாகிவிடும் என்பதே நம் கவலை. தமிழ் அங்கே ஆட்சிமொழிகள் நான்கனுள் ஒன்று, பள்ளிகளில் கற்பிக்கப்படுகின்றது. அவ்வாறிருந்தும் வீட்டில் தமிழை மிகுதியாகப் பேசுவோர் 2010-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நூற்றுக்கு 3.3 என்றிருந்து, 2020-இல் 2.5 ஆகக் குறைந்தனர். அரசு காக்கும் மொழியும் அடுக்களையில் பேசப்படாவிடில் தேயும். மாலைச் செபமாலையையாவது தமிழில் சொல்லும் வீட்டில் குழந்தைக்கு மொழியும் தங்கும், விசுவாசமும் தங்கும்.

திருக்குடும்பமும் ஒரு காலத்தில் அயல்நாட்டில் குடியிருந்தது. எகிப்தில் அவர்கள் எத்தெருவில் தங்கினர், அண்டை வீட்டார் யார், சூசையப்பர் எவரிடம் வேலை கேட்டார் என்பனவற்றை நற்செய்தி நமக்குக் கூறவில்லை. ஆயினும் கைக்குழந்தையோடு ஓர் இளந்தாய் அந்நிய மொழி வழங்கும் ஊரில் அடுப்பு மூட்டியிருக்கின்றாள். ஒரு தச்சர் அவள் அருகில் இருந்திருக்கின்றார். அயல்நாட்டில் வாழும் நம் தம்பதியர் தம் செபத்தில் இதை எண்ணிப் பார்க்கலாம்.

ஊரில் இருப்போர்க்கு

இறுதியாகப் பெற்றோர்க்குச் சில சொற்கள். நீங்கள் இரவு உணவு முடித்து ஒன்பது மணிக்கு அழைக்கும்போது அங்கே பதினொன்றரை. நாள்தோறும் அவ்வேளையில் அழைத்து, 'என்ன சமைத்தாய், ஏன் இளைத்தாய், எப்போது வருவாய், இன்னும் விசேஷம் இல்லையா' என்று அடுக்கினால் அவர்கள் பேசிக்கொள்ள வேண்டிய அரைமணி நேரமும் போய்விடும். மகனிடம் மட்டும் பேசாமல் மருமகளிடமும் பேசுங்கள். பணம் வந்ததா என்று கேட்குமுன் நலமா என்று கேளுங்கள். அவர்களுக்குள் மனத்தாங்கல் என்று அறிந்தால் கட்சி சேராதீர்கள். கூத்தாநல்லூரின் பழைய வீடுகளில் மாமியாரும் மருமகளும் ஒரே கடிதத்துக்காகக் காத்திருந்தனர். இன்று கடிதத்துக்குக் காத்திருக்கத் தேவையில்லை. கைப்பேசியில் முகத்தையே காணலாம். அம்முகம் வாடியிருந்தால் கண்டுகொள்ளும் பொறுமையாவது நமக்கு வேண்டாமா?

நம் நாட்டு உழவர்க்குத் தெரியாததா? நாற்றங்காலில் பசுமையாக நின்ற நாற்றைப் பறித்து, முடியாகக் கட்டி, வேற்று வயலில் கொண்டுபோய் நடுகின்றோம். நட்ட சில நாட்கள் அது வெளிறித் துவண்டு நிற்கும். அதைக் கண்டு எந்த உழவரும் பிடுங்கிப் பார்ப்பதில்லை. திரும்ப நாற்றங்காலில் ஊன்றுவதும் இல்லை. நீரை அளவாகக் கட்டி, காத்திருக்கின்றார். புது மண்ணை வேர் பிடித்ததும் பயிர் பச்சை கட்டுகின்றது. கடல் கடந்து நடப்பட்ட நம் பிள்ளைகளின் இல்லறத்திற்கும் அந்த அவகாசத்தைக் கொடுப்போம், அவர்களுக்காகச் செபிப்போம்.